சிவப்புப் பூ பேப்பர்வெயிட்

கோபத்தோடு தூக்கினால் அந்த வீட்டில் எந்தப் பொருளும் அடிக்காது. கத்தி மழுங்கிவிடும், தோசைக்கல் ஆறிவிடும், சப்பாத்திக்கட்டை ரப்பராய் வளையும். எல்லா வீட்டுக்கும் இதுதான் சட்டம். கைகளுக்கு மட்டும் யாரும் சட்டம் போடவில்லை. ஒன்பது வருடமாகச் சங்கரபாண்டி தன் மனைவி கோமதியைக் கையால்தான் அடித்தான்.

இன்று அவன் கழுத்தை நெரித்தபோது அவள் எடுத்த கத்தி வழக்கம்போல மழுங்கியது. மேஜையைத் துழாவினாள். கரண்ட் பில்களின் மேல் அவன் அப்பா காலத்துப் பேப்பர்வெயிட் இருந்தது. உள்ளே சிவப்புப் பூ வைத்த வெறும் கண்ணாடி உருண்டை. சட்டம் வருவதற்கு முன்பே செய்தது; அதற்குச் சட்டம் தெரியாது. மூன்றாவது அடியில் மண்டை பிளந்து சரிந்தவன் எழவே இல்லை.

விசாரிக்க வந்த எஸ்.ஐ. பேச்சியம்மாள் சாமான்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். "நான் அடிக்கவில்லை" என்றது ஒவ்வொன்றும்.

"அப்போ எதக் கொண்டும்மா அடிச்ச?"

கோமதி ரத்தம் படிந்த உருண்டையை நீட்டினாள். பேச்சியம்மாள் சட்டைக் கையை ஏற்றிவிட்டு அதைக் குழாயில் கழுவினார். அவர் முழங்கைக்கு மேல் ஐந்து விரல் தடம் கன்றிப்போய்க் கிடந்தது.

"வழுக்கி விழுந்துட்டாருன்னு எழுதிக்கிடுதேன்."

"அந்த உருண்டை, மேடம்?"

பேச்சியம்மாள் உருண்டையைத் துடைத்துக் கைப்பைக்குள் போட்டார்.

"எங்க வீட்லயும் பேப்பர் பறக்குதும்மா."