வெளியே கொடுத்த வேலை

"நம்ம பொண்ணு கடைக்குப் போறதுன்னா போங்க. இந்த ரேடியோவை எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

சோபாக்காரரின் மனைவி உள்ளே கேட்டது, வாசலில் நின்ற ரேடியோவின் காதில் நன்றாகவே விழுந்தது. நூல், ஜிப், பட்டன் என்று கடை கடையாகச் சரக்குப் போடுகிறவன் அவன். சரக்கோடு சேதியையும் இலவசமாக இறக்கிவிட்டு வருவதால் அந்தப் பெயர். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்கும் அதே சந்தேகம்தான்.

"பேரத்துக்கு ஒரு சாட்சி இருக்கட்டும்," என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார் சோபாக்காரர்.

சினிமா தியேட்டர் ஒன்றுக்கு நாற்காலி செய்யும் ஆர்டர் அவருக்குக் கிடைத்திருந்தது. இரும்புச் சட்டமும் மெத்தையும் அவர் பட்டறையிலேயே ஆகிவிடும். உறை தைக்கத்தான் ஆள் போதாது. அதை வெளியே கொடுத்தாக வேண்டும்.

அவர் மகள் அப்பாவின் கோபத்துக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் பட்டறையை விட்டுப் போய், தனியாக நாலு மெஷின் போட்டு உறை தைத்துக்கொண்டிருந்தாள். தையலில் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. ஆனால் வந்தவனெல்லாம் 'தொழிலுக்குப் புதுசுதானே' என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டான். முகத்தை முறித்துப் பேசத் தெரியாமல் அவளும் தலையாட்டினாள். வேலை குவிந்தது, கையில் ஒன்றும் தங்கவில்லை. கூடிய சீக்கிரம் மெஷினை விற்றுவிடுவாள் என்று ரேடியோவே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

இப்போது இந்த மனுஷனும் பேரம் பேசப் போனால் அவ்வளவுதான்.

சோபாக்காரரின் பேரம் எல்லோருக்கும் தெரிந்த கதை. விலை படியாவிட்டால் எழுந்து வாசலுக்குப் போவார். ஹெல்மெட்டை மாட்டுவார். தாடைக்குக் கீழே வாரை மெதுவாகப் பூட்டுவார். அது பூட்டிக்கொள்வதற்குள் உள்ளேயிருந்து, "வாங்க, பேசிக்கலாம்" என்று குரல் வந்துவிடும். வராமல் இருந்ததே இல்லை.

மகள் கடையில், மாதிரிக்குத் தைத்து ஒரு நாற்காலியில் மாட்டியிருந்த உறையை இழுத்துப் பார்த்தார். தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"மூலை தூக்குதே."

"தூக்கலப்பா. உட்கார்ந்து பாருங்க."

உட்கார்ந்தார். மூலை அழகாகப் படிந்தது. அதைப் பற்றி வாயே திறக்காமல் விலையைக் கேட்டார். சொன்னாள்.

"கேட்டியா ரேடியோ? துணி என்னுது. நூல் மட்டும்தான் இவளுது. அதுக்கு இந்த விலையாம்."

பிறகு பேரம் ஆரம்பித்தது. பாதிக்குக் கேட்டார். அடுத்த தெருவில் இதைவிட மலிவாகத் தைக்கிறார்கள் என்றார். பெற்ற அப்பனிடமே லாபம் பார்க்கிறாயா என்றார். தைத்துக்கொண்டிருந்த பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டார்கள். பெற்ற பெண்ணிடம்கூடப் பேரத்தை விடாத பிறவி என்று ரேடியோ நினைத்துக்கொண்டான்.

மகளின் தலை பழக்கதோஷத்தில் ஆடப் பார்த்தது. அவள் திரும்பி அந்தப் பெண்களைப் பார்த்தாள்.

"இதுக்குக் கீழே போனா இவங்க கூலியிலதான் கை வைக்கணும். என்னால முடியாதுப்பா."

"அப்ப எனக்கு வேற ஆள் கிடைக்கும்."

எழுந்தார். வாசலுக்குப் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினார். வாரை எடுத்தார்.

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

டக்.

வார் பூட்டிக்கொண்டது. யாரும் கூப்பிடவில்லை. அவள் கத்தரியை எடுத்து வேறு துணியை வெட்டப் போய்விட்டாள்.

சோபாக்காரர் ஹெல்மெட்டும் தலையுமாகத் திரும்பி உள்ளே வந்தார்.

"எப்ப தைச்சு முடிப்பே?" என்று உறுமினார்.

அவள் சொன்ன விலைக்கே வேலை முடிவானது.

கடை கடையாகப் போய்ச் சொல்லித் தீர்க்கும்வரை ரேடியோவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஹெல்மெட்டை மாட்டின மனுஷன் திரும்பி வந்தாருய்யா. பெத்த அப்பனுக்கே ஒரு காசு இறங்கலை. நீ போய்ப் பேரம் பேசிப் பாரேன்."

அதற்கப்புறம் அவளிடம் யாரும் பேரம் பேசிப் பார்க்கவில்லை. அடிமாட்டு விலைக்குக் கேட்டவர்கள் அவள் சொன்ன விலைக்கு வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்கள். புதிதாகவும் ஆட்கள் தேடி வந்தார்கள்.

அடுத்த தடவை பட்டறைக்கு நூல் போட வந்தபோது ரேடியோவுக்கு மனசு உறுத்தியது.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நீங்க தோத்த கதையை ஊர் முழுக்கப் பரப்பிட்டேன்."

"தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு கடையை விட்டுட்டியாமே. அங்கேயும் சொல்லிடு."

ரேடியோ திருதிருவென்று விழித்தான். "அண்ணே, ஒருவேளை அவ உங்களைக் கூப்பிட்டிருந்தா?"

"என் பொண்ணுய்யா அவ. இருந்தாலும், வாரைப் பூட்டுறப்ப, கூப்பிட்டுடுவாளோன்னு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

ஹெல்மெட்டைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார் சோபாக்காரர்.

"என் பொண்ணு கெட்டிக்காரின்னு அப்பன் நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா எவன் நம்புவான்? அதான், அந்த வேலையையும் வெளியே கொடுத்துட்டேன்."