ஒன்பது மணி ஆட்டம்

நெட்டையனின் கார்டை நரேந்திரன் ஆணியிலிருந்து எடுத்து, ஊதித் தூசி தட்டி, முகம் தெரியும்படி நேராக மாட்டினான்.

சிவனேசனால் கண்ணை நம்ப முடியவில்லை.

ஆக்லாந்தின் ஒரு கோடியில், தகனினியில் இருக்கும் நரேந்திரனின் கராஜ் சுவர் முழுக்க பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட கார்டுகள்தான். பாஸ்டன் அணியில் ஆடிவிட்டு எதிரி நியூயார்க்குக்குத் தாவினவன் எவனாக இருந்தாலும் சரி, அவன் கார்டைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டிவிட வேண்டும். அது நரேந்திரனே போட்ட சட்டம். இதுவரை ஏழு பேர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஏழு பேரில் நெட்டையன் செய்ததுதான் பச்சைத் துரோகம். உயரத்துக்காக இவர்கள் வைத்த பெயர் அது. தன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய ஊரிடம், எங்கும் போகமாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு, அடுத்த மாதமே நியூயார்க் சட்டையோடு வந்து நின்றான். ஆறு வருடத்துக்கு முன் அவன் கார்டைத் திருப்பிய அன்று நரேந்திரன் கரித்துக் கொட்டியது தெருமுனை டெய்ரிக் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

இன்றைக்கு அதே வாய் வேறு மாதிரிப் பேசியது. நெட்டையன் பாவமாம். அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறதாம். நல்ல இடம் கிடைத்தால் எவன்தான் போகமாட்டான், நாம் மட்டும் பிறந்த ஊரென்று ஈப்போவிலேயே இருந்துவிட்டோமா என்று கேட்டான்.

சிவனேசனுக்குச் சுருக்கென்றது. போவது வேறு, எதிரியிடம் போவது வேறு, போகமாட்டேன் என்று சொல்லி நம்பவைத்துவிட்டுப் போவது வேறு என்று விரல் மடக்கிச் சொன்னான். மூன்றாவதற்கு மன்னிப்பே கிடையாது என்றான்.

நரேந்திரன் மைலோ கலக்கப் போனான்.

கராஜ் என்றுமில்லாமல் பளிச்சென்று இருந்தது. பழைய ஃபிரிட்ஜைக் காணோம். மூலையில் அடைந்து கிடந்த பெட்டிகளையும் காணோம். மனைவி பிடுங்கியெடுத்தாள், ஒழித்துக்கட்டிவிட்டேன் என்றான் நரேந்திரன். இனிமேல் காலை நீட்டி உட்காரலாம் என்று சிவனேசன் சந்தோஷப்பட்டான்.

பதினோரு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரின் மறுகோடி ஹென்டர்சனிலிருந்து மோட்டார்வேயைப் பிடித்து அவன் இங்கே வந்துவிடுவான். அமெரிக்காவில் சனிக்கிழமை சாயங்காலம் ஆடுகிற ஆட்டம் ஆக்லாந்தில் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வரும். ரக்பி, ரக்பி என்று கிடக்கிற ஊரில் இதைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேறு நாதியில்லை. பாஸ்டனில் படித்துவிட்டு வந்த நரேந்திரன்தான் இந்தப் பைத்தியத்தை அவனுக்கு ஒட்டவைத்தவன்.

அந்த ஒரு நாளை நம்பித்தான் சிவனேசன் மற்ற ஆறு நாளையும் ஓட்டினான்.

ஐந்து வருடத்துக்கு முன் அவனுக்கு பிரிஸ்பேனில் வேலை கிடைத்தது. நல்ல வேலை. மனைவி திலகா பாதிப் பெட்டி கட்டிவிட்டாள். நரேந்திரன்தான் இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கடலைத் தாண்டி ஆஸ்திரேலியா பக்கம் போகிறவன் எல்லாம் நெட்டையன்தான், போனால் உன்னையும் சுவர் பக்கம் திருப்பிவிடுவேன் என்றான். நானெல்லாம் செத்தாலும் இந்த ஊரை விட்டு நகரமாட்டேன் என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் கண் கலங்கியிருந்தது.

சிவனேசன் அந்த வேலையை வேண்டாம் என்று எழுதிப் போட்டான். திலகா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னும் ரென்ட் வீடுதான். அவள் அதைக் குத்திக்காட்டாத வாரமில்லை.

யாருக்காக இருந்தேன் என்று அவன் வாய் திறந்து சொன்னதில்லை. நரேந்திரனுக்கு அது தெரியும்.

ஆட்டத்தில் பாஸ்டன் தோற்றது. சிவனேசன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, அடுத்த மாதம் பாஸ்டனும் நியூயார்க்கும் மோதுகிற ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டான். நரேந்திரன் போனைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஒம்போது மணிக்கு லா, மச்சான்."

சிவனேசனுக்குச் சிரிப்பு வந்தது. பதினொன்று எப்போதடா ஒன்பது ஆனது என்று கேட்க வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அந்த ஒன்பதை அவனுக்குத் தெரியும். பிரிஸ்பேன் வேலை வந்த அன்று அவன் முதல் காரியமாகப் பார்த்ததே, அங்கே போனால் ஆட்டம் எத்தனை மணிக்கு வரும் என்பதைத்தான். இங்கே பதினொன்று என்றால் அங்கே ஒன்பது.

நரேந்திரன் தலையை நிமிர்த்தினான். சொன்னது அப்போதுதான் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். போனை மெல்லக் கவிழ்த்து வைத்தான். ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் தரை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

எப்போது போகிறாய் என்று சிவனேசன் கேட்கவில்லை. எங்கோ இருக்கிற நெட்டையனுக்காக நரேந்திரன் பேசுகிறான் என்று நினைத்து, காலையிலிருந்து இவனிடமே நியாயம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"நீ ஒம்போதுக்கே பாருடா. நான் பதினொன்னுக்குப் பாத்துக்கறேன்."

சுவரின் நடுவில் இவர்கள் இருவரும் நிற்கிற படம் இருந்தது. முதல் வருடம் எடுத்தது. இரண்டு பேர் தலையிலும் பாஸ்டன் தொப்பி, ஒருவன் தோளில் ஒருவன் கை.

சிவனேசன் அதை ஆணியிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். நரேந்திரனைத் திருப்பினால் தானும் கூடவே சுவரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

திருப்பித்தான் மாட்டினான்.