முதல் சோடி சப்பாத்து

"சப்பாத்துக் கம்பனிக்காரி, வெறுங்கையோட வந்து நிக்கிறாளே."

சின்னம்மா பக்கத்தில் இருந்தவளின் காதில் முணுமுணுத்தாள். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, முகம் மட்டும் கழுவிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் லோஜினிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போக இன்றைக்கு ஒரு சோடி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை.

யட்டியாந்தோட்டைக்கு மேலே தோட்டப் பாடசாலை மண்டபத்தில் வருஷக் கடைசி விழா. மேடையில் இந்திராணி.

இதே தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பதினேழு வயதில் கொழும்புக்குப் போய், தொழிற்சாலையில் சப்பாத்து அடிக்குப் பசை தடவியவள். பிறகு இத்தாலி வரை போய்ப் படித்து, சொந்தக் கம்பனி தொடங்கினாள். இன்று துபாயில் கல்யாணப் பெண்கள் அவள் வடிவமைத்த செருப்புக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். எந்தெந்தப் பள்ளிக்கூடத்துக்கோ லொறி லொறியாகச் சப்பாத்து அனுப்புகிறாள் என்று பேப்பரில் படம் வேறு.

பிறந்த தோட்டத்துக்கு மட்டும் ஒரு கைப்பையோடு வந்திருந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் பிரதம விருந்தினர் மயில்வாகனம் முதலாளி. பஜாரில் நாற்பது வருஷமாகச் சப்பாத்துக் கடை வைத்திருப்பவர். ஒரு லேஸ்கூட யாருக்கும் சும்மா கொடுத்தது கிடையாது. தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவருக்கே விளங்கவில்லை.

இந்திராணி மைக்கைப் பிடித்தாள்.

"எனக்கு அப்ப ஒன்பது வயசு. நல்ல மழை. வெறுங்காலோட முதலாளி கடைக்கு முன்னாடி நின்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு செவப்புச் சப்பாத்து. அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். முதலாளி வெளிய வந்தாரு. என்னை உள்ள கூட்டிட்டுப் போயி உட்கார வச்சாரு. என் சேத்துக் காலைத் தன் கையாலயே தொடச்சி, அந்தச் சப்பாத்தை மாட்டிவிட்டாரு. அதுதாங்க என் முதல் சோடி."

கைதட்டல் மண்டபத்தின் கூரையைத் தூக்கியது.

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"பாவம், எவ்வளவு அடக்கமான மனுஷன்" என்றார் பாடசாலை அதிபர்.

மைக் அவரிடம் வந்தது. "அது... அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லீங்க" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

இந்திராணி விடவில்லை. "முதலாளி அன்னைக்கு இன்னொண்ணும் சொன்னாரு. 'வெறுங்காலோட எந்தப் புள்ள என் கடைக்கு வந்தாலும், வெறுங்காலோட திருப்பி அனுப்ப மாட்டேன்'னு. அந்த வார்த்தை இன்னைக்கும் அப்படியே இருக்கு. இல்லீங்களா முதலாளி?"

முந்நூறு பேர் அவரையே பார்த்தார்கள். முதலாளி மெதுவாகத் தலையை ஆட்டினார்.

இந்திராணி அவருக்கு மாலை போட்டாள், காலைத் தொட்டுக் கும்பிட்டாள், காரில் ஏறிப் போய்விட்டாள்.

"கோடி கோடியா வச்சிருக்கா. கொடுக்க மனசில்லாம அந்த மனுஷன் தலையில கட்டிட்டுப் போறா பாரு" என்றாள் சின்னம்மா.

ஆனாலும் ஜனவரியில் பாடசாலை தொடங்குவதற்கு முந்தின நாள், லோஜினியைக் கூட்டிக்கொண்டு கடை வாசலில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் வெறுங்காலோடு ஏழெட்டுப் பிள்ளைகள்.

"என்ன வேணும்?" என்றார் முதலாளி, தெரிந்துகொண்டே.

"மேடையில சொன்னாங்களே முதலாளி..."

கடைக்குள் சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சிங்கள டீச்சர், "உங்களைப் பத்தி பேப்பர்ல வாசிச்சேன் மஹத்தயா, உங்கள மாதிரி ஆளுங்க குறைவு" என்று சிங்களத்தில் சொல்லிக் கும்பிட்டார்.

முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உட்காரு புள்ள."

லோஜினியின் கால் முழுக்கச் சேறு. துணி தேடினார், கிடைக்கவில்லை. தோளில் கிடந்த துவாயை எடுத்துத் துடைத்தார்.

"கூசுது முதலாளி" என்று லோஜினி சிரித்தாள்.

ஏனோ அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கு ஒன்பது பிள்ளைகள். மறுநாள் பதினாறு. அதற்கப்புறம் யாரும் மேடையை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. வெறுங்காலோடு ஒரு பிள்ளை பஸ்ஸுக்கு நின்றால்கூட, முதலாளி கடைக்குள்ளிருந்தே கையைக் காட்டிக் கூப்பிட ஆரம்பித்தார்.

ஆகஸ்டில் ஒரு பகல். இந்திராணி கடைக்கு வந்தாள். முதலாளி தரையில் உட்கார்ந்து ஒரு பையனுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்து, அவன் துள்ளிக்கொண்டு வெளியே போகும்வரை இந்திராணி ஓரமாக நின்று பார்த்தாள்.

முதலாளி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு மறந்துபோச்சுன்னு நெனச்சியாம்மா? அன்னைக்கு நீ கண்ணாடியில கையை வச்சேன்னு, காதைப் புடிச்சுத் திருகி மழையில தள்ளிவிட்டேன். சப்பாத்தும் கொடுக்கல, ஒரு மண்ணும் கொடுக்கல. அம்புட்டுப் பேருக்கு முன்னாடி ஏம்மா அப்படிப் பொய் சொன்ன?"

இந்திராணி சிரித்தாள்.

"பொய் இல்லீங்க முதலாளி. கொஞ்சம் முந்திச் சொல்லிட்டேன், அவ்வளவுதான்."