கருகிய பிளக் பாயிண்ட்

"மெயினை ஆஃப் பண்ணியாச்சா?" மூன்றாவது முறையாகக் கேட்டார் வீட்டுக்காரர்.

"பண்ணியாச்சு சார்," என்றாள் எலெக்ட்ரீஷியன் பெண். அவர் மனசு ஆறட்டும் என்று டெஸ்டரையும் வைத்துக் காட்டினாள். அது எரியவில்லை.

சமையலறை வாசலில் நின்றபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள் மனைவி. மகன் விரும்பும் பெண் இவள்தான் என்று மனுஷனுக்குத் தெரிந்தால் வீடு இரண்டுபட்டுவிடும். "வயரும் ஸ்க்ரூ டிரைவருமா அலையற பொண்ணு என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று ஒரு மாதமாகக் குதித்துக்கொண்டிருப்பவர். போட்டோவை நீட்டியபோதுகூட பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டவர்.

காலையில் இஸ்திரிப் பெட்டியைச் செருகியதும் பிளக் பாயிண்ட் புகைந்து, பாதி கருகிப்போனது. யாரைக் கூப்பிடலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கருவிப் பையோடு இந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். மகன் வேலைதான் இது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள் மனைவி. அந்தப் பெண்ணும் அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஏம்மா, இது எதனால கருகிச்சு?" டார்ச் அடித்துக்கொண்டே பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி கேட்டார் அவர்.

"உள்ள வயர் லூசா இருந்திருக்கு சார். அப்படி இருந்தா சூடேறிக்கிட்டே இருக்கும். வெளிய இருந்து பார்த்தா தெரியாது."

கருகிய நுனியை வெட்டி எறிந்தாள். வயரின் தோலைச் சீவி, கம்பியை முறுக்கி, புதுப் பாயிண்டில் செருகி இறுக்கினாள். இழுத்தும் பார்த்துக்கொண்டாள்.

"உனக்குக் கோபம் வருமா?" என்றார் திடீரென்று.

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வரும் சார். பக்கத்துல நின்னுக்கிட்டு மெயினைப் பத்தி மூணு தடவை கேட்டா வரும்."

அவர் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"டார்ச்சைக் கொஞ்சம் நேரா பிடிங்க சார்."

பிடித்தார். வீட்டில் யார் சொல்லையும் காதில் வாங்காத மனுஷன், சொன்ன மாத்திரத்தில் நேராகப் பிடித்தார்.

மூடியைப் பொருத்தி, மெயினைப் போட்டு, மேசை விளக்கைச் செருகினாள். பளிச்சென்று எரிந்தது. கிளம்பியவளை வாசல்வரை போய், "பார்த்துப் போம்மா" என்று அனுப்பிவைத்துவிட்டு வந்தார் அவர்.

இனியும் மறைக்க மனைவியால் முடியவில்லை. "என்னங்க, கத்தாதீங்க. இந்தப் பொண்ணுதான்... நம்ம பையன் சொன்ன பொண்ணு. உங்ககிட்ட சொல்லாம அவன்தான் அனுப்பி வெச்சிருக்கான். அவனை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"அவனுக்கு ஏதுடி அவ்வளவு தைரியம்?" என்றபடி நாற்காலியில் சாய்ந்தார் அவர். "அந்தப் பொண்ணையே அனுப்புங்கன்னு அவ வேலை பார்க்கிற கடைக்குப் போன் பண்ணினது நான்தான்!"