தெரிந்த முகம்

அது அவனுக்கு மூன்றாவது ஓட்டுநர் தேர்வா, நான்காவதா, சரியாக நினைவில்லை. அன்றும் தோற்றால், பேசிவைத்த டிரைவர் வேலை கைநழுவிப் போய்விடும் என்பது மட்டும் நிச்சயம்.

வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற பெண்ணுக்குக் காவலாளி நாற்காலி போட்டார். "வாங்கக்கா, சாப்பிட்டீங்களா?" என்றார் அதிகாரி. அவனுக்கு வயிறு எரிந்தது.

"உங்களுக்கென்னக்கா, எல்லாரும் வேண்டியவங்க. உக்காந்த இடத்துக்கே லைசென்ஸ் வந்துரும்" என்றான் அவளிடம்.

அவள் சிரித்தாள். "கிளம்புறதுக்கு முன்னாடி கண்ணாடியைச் சரி பண்ணிக்க தம்பி. மேட்டுல நிறுத்தினா கை பிரேக்கை இழு. பின்னால எடுக்கறப்போ திரும்பிப் பாரு."

"ஓகோ, கேள்வித்தாளே முன்னாடி வந்துருச்சா?"

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவை ஃபெயிலாயிருக்கேன்பா. இன்னிக்குப் பதினோராவது தடவை. இவங்களுக்கு என்னைத் தெரியாம இருக்குமா?"



அவள் பெயரை அழைத்தார்கள். வண்டி வளைவில் கம்பத்தை இடித்து நின்றது. நேராக அவனிடம் வந்தாள்.

"வளைவுல அகலமா திருப்பு. இப்பத்தான் கத்துக்கிட்டேன்."

அகலமாகத் திருப்பினான், தேறிவிட்டான். காவலாளியோடு சிரித்துப் பேசியபடி அவள் வெளியே போவதைப் பார்த்தபோது, அவனுக்கு மறுபடியும் பொறாமையாக இருந்தது.

அவனுக்கு வேலை கிடைத்தது. அந்த அக்கா பன்னிரண்டாவது முறை தேறினாள்.