சிக்னல் கொடுப்பவர் ரூபினி

"கொக்கியில கட்டுறது அஃபிக். கிரேன் தனேஷ். சிக்னல் ரூபினி," என்று பட்டியலைப் படித்தார் திருநாவுக்கரசு. மாக் மண்டின் கிளையிலிருந்து மாற்றலாகி வந்த மேற்பார்வையாளருக்கு ஜார்ஜ்டவுனில் அன்றுதான் முதல் நாள். பன்னிரண்டு மணிக்குள் தண்ணீர்த் தொட்டி ஹோட்டல் மொட்டை மாடிக்கு ஏறியாக வேண்டும். அதற்குமேல் சாலையை மூடி வைக்க அனுமதி இல்லை.

"அண்ணே, சிக்னலுக்கு வேற ஆளு போடுங்க லா," என்றான் தனேஷ்.

"ஏன், அவங்களுக்கு வேலை தெரியாதா?"

"நல்லாத் தெரியும்."

"பொம்பளை சொல்லி கேக்குறதான்னு இருக்கா?"

"அதெல்லாம் இல்லண்ணே."

"அப்ப பேசாம ஏறு. அவங்க கை அசைஞ்சாதான் கொக்கி அசையணும்."

வாக்கி டாக்கியில் பேட்டரி வேறு தீர்ந்திருந்தது. திருநாவுக்கரசு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மாடி விளிம்பில் நின்ற ரூபினி விரலைச் சுழற்றினாள். தொட்டி உயர்ந்தது. முஷ்டியை மடக்கினாள். நின்றது. பதினொன்றே முக்காலுக்கு, குழந்தையைப் படுக்க வைத்ததுபோல் அது தன் இடத்தில் அமர்ந்தது.

ரூபினி கீழே இறங்கி வந்ததும் திருநாவுக்கரசு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இருபது வருசத்துல இப்படி ஒரு ஜோடிய நான் பார்த்ததில்ல. ஒரு வார்த்தை பேசாம எப்படிம்மா?"

ரூபினி ஹெல்மெட்டைக் கழற்றி, கிரேன் பக்கம் முறைத்தாள்.

"புருஷன்கூட ரெண்டு வாரமா சண்டைண்ணே. வீட்டுல சோறு போதும்னாகூட கையைத்தான் காட்டுறாரு."