ஏரிக்கு விடுமுறை

"இந்த வருசம் வாணாம் பாய். அடுத்த வருசத்துலேர்ந்து வச்சிக்கலாம்."

சொன்னது வேறு யாருமல்ல, பச்சைமுத்து. இருபது வருஷம் அபூபக்கரோடு ஒரே படகில் போனவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், மீனவர் சங்கக் கூட்டத்தில், முப்பது பேர் முன்னால் இப்படிச் சொன்னதும் அபூபக்கருக்கு முகம் கறுத்துவிட்டது.

அவர் என்ன சொத்தா கேட்டார்? பொங்கலுக்கு ஏரியை மூடுகிறார்கள். தீபாவளிக்கு மூடுகிறார்கள். ஆடித் திருவிழாவுக்கு மூன்று நாள். நாலே நாலு வீட்டுக் கிறிஸ்தவர்களுக்காகக் கிறிஸ்துமஸுக்கும் மூடுகிறார்கள். அன்றைக்கெல்லாம் ஒருவரும் வலை இறக்கக் கூடாது. பெருநாளுக்கு மட்டும் கிடையாது. தொழுத கையோடு புதுச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஏரிக்கு ஓட வேண்டும். நல்ல நாளென்று ஒன்று தனக்கும் இருப்பதை ஊர் ஒப்புக்கொண்டால் போதும் என்றுதான் ஏழு வருஷமாக மனு எழுதினார். கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

இன்றைக்கு அத்தி பூத்தாற்போலத் தலைவர் செங்கல்வராயன் தாமே எழுந்து, வருகிற செவ்வாய்க்கிழமை பக்ரீதுக்கு ஏரியை மூடலாம் என்கிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க மாட்டான் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

"ஏன்டா, இந்த வருசம் இன்னா கேடு?" என்றார் அபூபக்கர்.

பச்சைமுத்து நிமிர்ந்து பார்க்கவில்லை. விடுமுறை நாளில் எவனுக்கு முறை விழுகிறதோ அவன் வயிற்றை நினைத்துப் பார்க்க வேண்டாமா என்று முனகினான்.

அந்தப் பயம் எல்லாருக்கும் உண்டு. கடலிலிருந்து இறால் ஏறி வரும் முகத்துவாரத்தில் வலை கட்டுகிற முறை, சீட்டுக் குலுக்கி, ஒருவருக்கு வருஷத்தில் ஒருநாள்தான் வரும். மழைக்காலத்தில் அடுப்பெரிவதே அந்த ஒரு நாளின் புண்ணியத்தில். ஏரி மூடுகிற நாளில் விழுந்தால் போனது போனதுதான்.

"எனக்கே சொல்றியா? மூணு வருசத்துக்கு முன்னாடி என் முறை தீபாவளியில வுழுந்துச்சு. போச்சு. மறுநாள்காரன் ரெண்டு நாள் இறாலையும் சேத்து அள்ளினு போனான். நான் வாயத் தொறந்தனா? ஒங்க சாமிக்காக நான் வுட்டேன். எங்க பெருநாளுக்காக ஒருத்தன் வுடக்கூடாதா?"



"காரணம் கேக்காத பாய். என் பேச்சக் கேட்டு வுட்டுடு," என்றான் பச்சைமுத்து.

செங்கல்வராயன் வந்து அபூபக்கரின் தோளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். எல்லாச் சாமியும் ஒன்றுதான், சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். மளமளவென்று கைகள் உயர்ந்தன. பச்சைமுத்துவின் கை மட்டும் மடியை விட்டு எழவில்லை.

அபூபக்கருக்குக் கண் கலங்கிவிட்டது. தலைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெருநாளில் அறுத்துப் பங்கிடும் குர்பானிக் கறியில் சிநேகிதர் பங்கு இத்தனை வருஷமும் பச்சைமுத்து வீட்டுக்குத்தான் போகும். இந்த வருஷம் தலைவர் வீட்டுக்கு என்று அங்கேயே முடிவு செய்தார்.

வெளியே வந்ததும் பச்சைமுத்துவை நிறுத்தினார்.

"பெருநாளைக்கு என் வூட்டு வாசப்படிய மிதிக்காத. இருவது வருசம் ஒன்ன மனுசன்னு நெனச்சிட்டேன்."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை சங்கச் சுவரில் இந்த வருஷத்து முறைப் பட்டியலை ஒட்டினார்கள். வழக்கப்படி, பட்டியல் சுவருக்கு வரும்வரை மூச்சுவிடுவதில்லை என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, அம்மன் கோயிலில் இரண்டே பேர் சீட்டெடுப்பார்கள். இம்முறை எடுத்தது நேற்று மதியம், அபூபக்கர் ஜும்மா தொழுகையில் இருந்த நேரம். எடுத்தவர்கள் செங்கல்வராயனும் பச்சைமுத்துவும்.

அபூபக்கர் வருகிற வாரத்து வரிகளில் விரல் வைத்துப் படித்தார். முகத்துவாரம், செவ்வாய்க்கிழமை: அபூபக்கர். புதன்கிழமை: செங்கல்வராயன்.